எந்தப் பக்கம்

வாலிநோக்கம் விலக்கு தாண்டும்போது
மணி நாலே முக்கால்.
வண்டி நிறைய ஐஸ் பெட்டி.
மூக்கையூர் சேருமுன் உருகினால்
கூலியில் பிடிப்பார்கள்.

முதல் மழை பெய்து ஓய்ந்திருந்தது.
தார் மினுங்கியது.
கல் என்றுதான் நினைத்தேன்.
கல் நகராது என்பது
டயரின் விளிம்பு இடறிய பிறகு
நினைவுக்கு வந்தது.

இறங்கிப் பார்த்தேன்,
பின்விளக்கின் சிவப்பில்
ஒரு கட்டாமை.
முதுகு மேடு ஒவ்வொன்றிலும்
மஞ்சள் கோடுகள் விரிந்து கிடந்தன.
அத்தனைக்கும் குறுக்கே
புதிதாக ஒன்று.
அது மட்டும் ஈரமாக இருந்தது.
தலையை உள்ளே இழுத்திருந்தது, காலை உள்ளே இழுத்திருந்தது.
வீடே பிளந்த பிறகு
உள்ளே என்று எதைச் சொல்வது?

சாக்கில் பொதிந்து
இருக்கைக்கு அடியில் வைத்தேன்.
வழி முழுக்கச் சத்தமில்லை.
கத்தத் தெரிந்த பிராணியாக இருந்திருந்தால்
எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

மூக்கையூர்க் கரையில்
பைபர் வள்ளங்களுக்கு ஓட்டை அடைக்கும் பஸ்தியான்
கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் அடியிலிருந்து
ஊர்ந்து வெளியே வந்தார்.
விரலெல்லாம் பிசின்.
"எங்கய்யா இது?"
"ரோட்டுல கெடந்துச்சு."
கிடந்துச்சு என்ற சொல்லில்
டிரைவர் யாரும் இல்லை.

"பாறையில அடிச்ச வள்ளம் மாதிரிதான்.
அரை மணி நேரம் குடு,
பொட்டுத் தண்ணி புகாம அடைச்சிருவேன்."
டப்பாவில் பிசின் ஊற்றிக் கலக்கிவிட்டார்.
போனில் சாயல்குடி கால்நடை டாக்டர் ரமீஜா
போட்ட சத்தம் எனக்கே கேட்டது.
"அடைக்காதீங்க!
உள்ள மண்ணு இருக்கு. மூடினா அழுகிரும்.
கழுவணும், வடியணும்.
தெறந்தே கெடக்கட்டும்."

பஸ்தியான் குச்சியைக் கீழே வைத்தார்.
முப்பது வருசமாக
ஓட்டையென்றால் அடைப்பதுதான் அவர் தொழில்.
டப்பாவில் பிசின் சூடேறி
தானாக இறுகிக்கொண்டிருந்தது.

நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்கே வந்தார்.
பிளவை விட்டுத் தள்ளி
இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு
ரவிக்கைக் கொக்கிகளை ஒட்டினார்.
தூண்டில் கம்பியை மாட்டி
இழுத்தார், மெதுவாக,
டாக்டர் போதும் என்னும் வரை.

வனத்துறை நாகவேல் நோட்டில் எழுதிக்கொண்டார்.
கட்டாமை. பெண். ஒன்றே கால் கிலோ.
காரணம், அடையாளம் தெரியாத வாகனம்.
அடையாளம் தெரியாத வாகனம்
ஆஸ்பத்திரி வாசலில்
தண்ணீர் சொட்டிக்கொண்டு நின்றது.

போகிற வழியில் தினமும் இறங்குவேன்.
துத்தி இலை கொடுத்தேன், தொடவில்லை.
பூசணிப் பூவையும் தொடவில்லை.
நாற்பதாம் நாளோ என்னவோ
வாயெல்லாம் சிவப்பாக இருக்க
பதறிப்போய் டாக்டரைக் கூப்பிட்டேன்.
"சப்பாத்திப் பழம்யா" என்றார்.

அடுத்த ஐப்பசியில் கம்பி கழற்றினார்கள்.
உடைமரக் காட்டோரம்
ஜீப்பை நிறுத்தி டாக்டர் கேட்டார்,
யார் முகத்தையும் பார்க்காமல்.
"எந்தப் பக்கமாப் போய்க்கிட்டிருந்துச்சு?
அந்தப் பக்கமே விடணும்.
இல்லாட்டி திரும்பவும் ரோட்டைத் தாண்டும்."

"கடல் பக்கம்" என்றேன்.
"அந்த மைல்கல்லுக்கு இங்கிட்டு.
இன்னும் நாலடி வச்சிருந்தா மண்ணுக்குப் போயிருக்கும்.
என் லைட்டு மேல விழுந்ததும் நின்னு
தலையத் தூக்கிப் பார்த்துச்சு."

என் லைட்டு.
வாயை விட்டுப் போன பிறகுதான்
என் காதில் விழுந்தது.
நாகவேல் பேனா மூடியைக் கழற்றினார்,
திரும்ப மாட்டினார்.
பஸ்தியான் காலால் மண்ணைக் கிளறினார்.

மேலே கல் என்று எழுதியிருக்கிறேன்.
கல் தலை தூக்காது.
அடித்து எழுதலாம்தான்.
வேண்டாம், தெறந்தே கெடக்கட்டும்.

அது வெகுநேரம் அசையவில்லை.
பிறகு தலை, பிறகு ஒரு கால்.
முதுகில் எட்டுப் பிசின் தழும்புகளோடு
முள்ளுக்கு அடியில் நுழைந்து
எதையோ மறந்துவிட்டு வந்ததைப் போல நின்று
மறுபடி நடந்தது,
கடல் பக்கமாக.

அன்றைக்கும் வண்டியில் சரக்கு இருந்தது.
பாதி உருகிவிட்டது.
கூலியில் பிடித்தார்கள்.